படகு எண் கேட்டு வந்தவள்

என் வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு சார்ஜ் ஏறாத செல்போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஆரம்பத்தில் உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது பேசாமல் வாங்கி, சார்ஜர் செருகுகிற இடத்தில் படிந்திருக்கும் உப்பை ஊசியால் சுரண்டிக் கொடுத்துவிடுகிறேன். பாதி போன்கள் பிழைத்துக்கொள்கின்றன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் என் படிப்புக்கு இருக்கிற மரியாதை அவ்வளவும் அந்த ஊசியால் வந்ததுதான்.

உண்மையில் நான் பார்ப்பது டேட்டாபேஸ் சப்போர்ட். சென்னையில் ஒரு கம்பெனி. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. அம்மா போனபின் நைனா தனியாக இருக்கிறார் என்பதால் நானும் ஊரோடு வந்துவிட்டேன். ஆப் தயாரிக்கிறவர்கள் தங்கள் தகவலை எல்லாம் அடுக்கிவைக்கிற கிடங்குதான் டேட்டாபேஸ். அதனிடம் கேட்கிற கேள்விக்குப் பேர் குவெரி. கேள்விக்குப் பதில் வரவில்லை, வந்தாலும் தப்பாக வருகிறது, ஆமை வேகத்தில் வருகிறது, கிடங்குக் கதவே திறக்கவில்லை என்றால் எங்களுக்கு ஒரு டிக்கெட் போடுவார்கள். டிக்கெட் என்றால் புகார்ச் சீட்டு. எல்லா டிக்கெட்டிலும் ‘மிக அவசரம்’ என்று இருக்கும். அவசரம் இல்லாத டிக்கெட்டை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

புதுப் புகார் என்று ஒன்று வந்தும் பல நாளாகிறது. கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்பார்கள். சர்வர் ஓடுகிறதா பாருங்கள் என்பேன். எதிரில் இருப்பவருக்கு ரோஷம் வந்துவிடும். அது கூடவா பார்க்காமல் இருப்போம் என்பார். முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தபின் “சர்வர் ஓடலை மேடம்” என்று சன்னமாக ஒரு குரல் வரும். இன்னொருவர் போன் நம்பரை எழுத்தாகச் சேர்த்துவைத்துவிட்டு எண்ணாகத் தேடுவார். டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொருவர் பத்துப் பேரைக் காட்டுவதற்கு மொத்த டேபிளையும், அதாவது அட்டவணை முழுவதையும், அள்ளிக்கொண்டு வருவார். கேட்டால், போன மாதம் வேகமாகத்தானே இருந்தது என்பார். போன மாதம் அந்த டேபிளில் ஐம்பது பேர்தான் இருந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் களைக்கவைப்பது, கனெக்‌ஷன் தீர்ந்துபோய்விட்டது என்கிற புகார். டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் கதவு திறக்கும். ஆப் உள்ளே போகும், வேலை முடிந்ததும் சாத்திவிட்டு வரும். நடுவில் ஏதாவது பிழையில் தடுக்கி விழுந்தால் சாத்த மறந்துவிடும். அப்படி மறந்த கதவுகள் சேர்ந்து சேர்ந்து, சாயங்காலத்துக்குள் புதிதாக வருகிறவருக்குக் கதவே இருக்காது. எழுதினதைத் திருத்துங்கள் என்றால் திருத்தமாட்டார்கள். கதவை அதிகமாக்குங்கள் என்று கேட்பார்கள். அதிகமாக்கினால் இன்னும் ரெண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் அதே ஆள், அதே டிக்கெட், அதே மிக அவசரம்.

இப்படிச் சலித்துப்போயிருந்த ஒரு பங்குனி மாதத்தில்தான் அந்த டிக்கெட் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. மீனவர் சங்கங்களுக்கான ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கும் உறுப்பினர் பட்டியலை ஆப்பாகச் செய்து கொடுத்திருந்தார்கள். பட்டியல் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது, அதற்குள் கனெக்‌ஷன் எல்லாம் தீர்ந்துபோகிறது என்பது புகார். சோதித்துப் பார்க்க அனுப்பிய நகலைத் திறந்தேன். உள்ளே இருந்தவை எங்கள் ஊர்கள். பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருக்கிற குப்பம் ஒவ்வொன்றும் வரிசையாக நின்றது. அன்றைக்கு ஒரு நாள் எனக்கு வேலை இனித்தது, அதை மறைக்கப்போவதில்லை.

ஆப்பை எழுதியவர் என் வயதுக்காரர், பொறுமைசாலி. பேசும்போது பின்னால் அவருடைய பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கதவு சாத்தாத இடத்தை அன்றைக்கே கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டோம். மிச்சமிருந்தது பட்டியல் குவெரி. அது உறுப்பினர் டேபிளையும் படகு டேபிளையும் சேர்த்துப் பார்த்தது. முதலில் எல்லா உறுப்பினர்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் படகு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் படகு எண்ணை எழுதும், இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டு டேபிளிலும் இருப்பவர்கள் மட்டும் போதும் என்று ஒரு வார்த்தையை மாற்றி நேர் ஜாயினாக்கினால், ஊர்வாரியாக அடுக்கியிருந்த படகு டேபிளிலிருந்து தொடங்கி நொடியில் வந்துவிடும்.

“மேடம், ஒரு சந்தேகங்க” என்று கேட்டார். “இதுல படகே இல்லாத மெம்பர் யாராச்சும் இருப்பாங்களா? எல்லாத்துக்கும் படகு இருக்குதுன்னா நேர் ஜாயினே போட்டுரலாங்க.”

நான் சிரித்தேன். “மீனவர்னா படகு இல்லாமலா? நான் அந்த ஏரிக்கரைக்காரிதாங்க. நம்பிப் போடுங்க.”

எண்ணிப் பார்க்க ஒரு வரி குவெரி போதும். பத்து நொடி வேலை. ஊகிக்காதீர்கள், டேட்டாவைக் கேட்டுப் பாருங்கள் என்று ஊர்ப்பட்ட டெவலப்பர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அன்றைக்கு எனக்கே தெரிந்த விஷயத்தை எதற்கு டேட்டாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னதை டிக்கெட்டிலும் எழுதினேன். மாற்றினார், பட்டியல் பறந்தது. நல்லபடியாக முடிந்தது என்று அவர் நன்றி எழுதினார், நான் டிக்கெட்டை மூடினேன்.

மூன்று மாதம் கழித்து, ஆனியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். நானும் அவளும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அவள் நின்றுவிட்டாள், நான் பஸ் ஏறிப் படிக்கப் போனேன். எங்கள் ஊரைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் அவள் வீடு. அந்தப் பக்கத்துப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பல்லால் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். அவளும் அப்படித்தான், பதினோரு வயதிலிருந்து.

“உள்ள வாயேன்” என்றேன்.

“காலெல்லாம் சேறு” என்றாள். கால் சுத்தமாகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, “ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது. உங்க நைனா போட்டு நம்பரு வோணும். எழுதிக் குடுப்பியா?” என்றாள்.

“படகு நம்பரா? எதுக்குடி?”

“எம் பொண்ணு பன்னண்டாவது முடிச்சிட்டா இல்ல? நர்சு படிக்கணும்ன்றா. மீனவர் புள்ளைங்களுக்குன்னு தனியா எடம் இருக்குதாம். சங்கத்துல சர்டிபிகேட்டு வாங்கியான்னு சொன்னாங்க. பொன்னேரி ஆபீசுக்குப் போனா, கம்ப்யூட்டர்ல உம் பேரே இல்லன்றான். மெம்பர் கார்டு வெச்சிக்கினு இருக்கறேனே சார்னேன். கார்டு இருக்குது, பேரு இல்லன்றான். போட்டு நம்பரு இன்னான்னு கேட்டான். எனக்கேது போட்டு? யார் போட்டுலனா பேரச் சேத்துக்கினு வா, ஏத்தித் தரேன்னு சொல்லி அனுப்பிட்டான்.”

“கடைசி நாள் எப்போ?”

“வெள்ளிக்கெழம.”

“உனக்கு மட்டும்தான் இப்படியா?”

“எங்காளுங்க யார் பேரும் இல்லியாம். பங்குனியிலயே ரெண்டு பேரு போய்ட்டுத் திரும்பி வந்தாங்க.”

“ஏன்னு யாரும் கேக்கலியா?”

“இன்னான்னு கேக்கறது?” என்றாள். அவள் என்னைத்தான் கேட்டாள். பதில் தெரியாத கேள்வியைப் படித்தவளிடம் கேட்கிற மாதிரி.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த நைனா எழுந்து வந்துவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “போட்டு நம்பர்லாம் குடுக்கறதுக்கு இல்லமா” என்று அவளிடமே சொன்னார். குரலில் கோபமில்லை, அதுதான் மோசம். அவள் “செரி நைனா” என்று திரும்பி நடந்துவிட்டாள்.

அவருடன் சண்டைக்கு நின்றேன். ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், ஒரு பெண்ணின் படிப்பு என்றேன்.

“உனக்கு இன்னாமா தெரியும்? இன்னிக்கி என் போட்டுல பேரு ஏறிடுச்சின்னா, நாளைக்கிப் பாட்டுல எனக்கும் மொற உண்டுன்னு வந்து நிப்பாங்க. அப்ப ஊரு யாரக் கேக்கும்? என்னத்தான் கேக்கும்.”

பாடு என்பது இந்த ஏரியில் வலை போடுகிற முறை. நல்ல இடங்கள் கொஞ்சம்தான் என்பதால், இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று பங்கு பிரித்து, ஊருக்குள்ளும் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறையில் பேர் இருக்கிறவன்தான் மீனவன். பேர் இல்லாதவன் ஏரியில் இறங்கலாம், கரையோரம் கையால் பிடிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். எங்கள் தெருவில் அவர்களை மீன் பிடிக்கிறவர்கள் என்று சொல்லும் வழக்கமே இல்லை. தடவுறவங்க என்போம். நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன். நைனா ஊர்ச் சட்டப்படி சரியாகத்தான் பேசினார்.

முணுமுணுத்துக்கொண்டே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். யாரோ ஒருவருக்கு மிக அவசரம். அந்த டிக்கெட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான், கார்டு இருக்கிறது பேர் இல்லை என்று அவள் சொன்னது உறைத்தது. எங்கள் தொழிலில் யாரிடம் இதைச் சொன்னாலும் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் டேபிளில் இருக்கிறார், குவெரியில் விடுபட்டுவிட்டார். பங்குனியிலிருந்து.

பழைய டிக்கெட்டைத் திறந்தேன். ‘எல்லா உறுப்பினர்களுக்கும் படகு உண்டு. நான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவள், உறுதியாகச் சொல்கிறேன்’ என்று என் பேருக்குக் கீழே இருந்தது. நகல் இன்னும் என்னிடம் இருந்தது. அன்றைக்குப் போடாத அந்த ஒரு வரியைப் போட்டேன். படகு இல்லாதவர்கள் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு பேர் கூட அதில் இல்லை. எங்கள் ஊர் மாதிரி ஒவ்வொரு ஊரையும் ஒட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புகள் அத்தனையும் இருந்தன. கீழே போகப் போக அவள் பேரும் இருந்தது, அப்பா பேரோடு, முழுசாக.

என்னைக் குத்தியது இன்னொன்று. மூன்று மாதமாக இத்தனை பேர் பட்டியலில் இல்லை, ஒரு டிக்கெட் கூட வரவில்லை. படகுக்காரன் ஒருவன் பேர் விட்டுப்போயிருந்தால் மறுநாளே ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றிருக்கும். இவர்கள், பேர் இல்லை என்றதும் திரும்பிப் போயிருக்கிறார்கள். புகார் வரவில்லை என்றால் பிரச்சினை தீர்ந்தது என்பதுதான் எங்கள் கம்பெனிக் கணக்கு, என் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது.

கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சண்டை போட்ட பிள்ளைகளை அதட்டி அடக்கினார். “அய்யோ, நான் ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கணுங்க மேடம்” என்றார். இல்லை, நான் சொன்னதை நம்பிப் போட்டீர்கள், தப்பு என்னுடையது, அதை எழுதியே தருகிறேன் என்றேன். ஆனால் அவர் கையிலும் ஒன்றுமில்லை. எந்த மாற்றமும் கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகு திங்கட்கிழமை மட்டும்தான் ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமையோடு அந்தப் பெண்ணுக்குக் கதை முடிந்துவிடும்.

வார்த்தையைப் பழையபடி மாற்றினால் மட்டும் போதாது என்பது இன்னொரு தலைவலி. பழையபடி மாற்றினால் பழையபடி ஆமை வேகம், பழையபடி கதவு தீரும். பங்குனியில் நான் செய்யச் சோம்பல்பட்ட வேலையைப் புதனன்று செய்தோம். உறுப்பினர் டேபிளை ஊர்வாரியாகத் தேட ஒரு இண்டெக்ஸ் வைத்தோம். மொத்தப் பட்டியலையும் அள்ளாமல் பக்கம் பக்கமாகக் கொண்டுவரும்படி மாற்றினோம். மத்தியானம் கரண்டு போனது, பிறகு நெட் போனது. மொட்டை மாடியில் செல்போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, வெயிலில் உட்கார்ந்து முடித்தேன். மூடின டிக்கெட்டை எதற்குத் திறந்தாய் என்று என் மேலதிகாரி ரெண்டு தடவை கேட்டார். முதல் தடவை விளக்கினேன். இரண்டாம் தடவை, தப்பாக மூடினேன், அதனால் திறந்தேன் என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் தெம்பில்லை.

பொறுப்பாளரைப் பிடித்தது கோயம்புத்தூர்க்காரர்தான். என்ன சொன்னாரோ தெரியாது. வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு, “ஏத்தியாச்சுங்க மேடம், பாருங்க” என்றார். பார்த்தேன். பேர் இருந்தது. வேகமும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அங்கே போகிறது அதுதான் முதல் தடவை. வீடு எதுவென்று கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

“உங்க நைனா குடுத்துட்டாரா?” என்றாள் என்னைப் பார்த்ததும்.

“நம்பரே வேணாம். உம் பேரு வந்துடுச்சி. நாளைக்கிக் காலைல கெளம்பு, நானும் வரேன்.”

வெள்ளியன்று லீவு போட்டேன். அவளும் மகளும் நானும் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனோம். ஆபீஸில் அவள் கார்டு எண்ணைத் தட்டினார்கள், பேர் வந்தது. படகு என்கிற கட்டம் காலியாக இருந்தது. அந்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு பிரிண்ட் கொடுத்தார். ஒன்றரை மணிக்குள் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாயிற்று. இடமும் கிடைத்தது; அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. பஸ் வர நேரமிருந்ததால் ஸ்டாண்டு எதிரில் டீ குடிக்க நின்றோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லன்னா எம் பொண்ணு கதி இன்னா என்று அவள் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். “உங்க எல்லார் பேரும் போனதே என்னாலதான். படகு இல்லாத மீனவர் யாராச்சும் இருப்பாங்களான்னு ஒருத்தர் என்னைக் கேட்டார். இல்லன்னு சொன்னேன். அதனாலதான் எடுத்துட்டாங்க.”

அவள் டீயை ஊதினாள். “அதுக்கு இன்னா இப்போ? உங்க ஊர்ல யாரக் கேட்டாலும் அதத்தான சொல்லுவாங்க. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதமா.”

திட்டுவாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து வாயே திறக்காத மகள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி, எங்கம்மா ஏரில புடிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“சும்மா இருடி” என்றாள் அம்மாக்காரி.

“இல்லமா, கேக்கறேன். வாரா வாரம் ஞாயித்துக்கெழம நம்மகிட்டதான எறா வாங்கறாங்க?”

வாங்குகிறேன். இத்தனை வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறேன். வலையில் வந்ததை விட இதுதான் நசுங்காமல் இருக்கும் என்று நைனா அவள் பிடித்ததைத்தான் கேட்பார். அவள் அளந்து கொட்டி முடித்த பிறகு, இன்னும் ஒரு கை சேத்துப் போடு என்று ஒவ்வொரு வாரமும் நான் கேட்டு வாங்குகிறேன்.